நத்தையார் படகும் பச்சை போர்த்திய துகளும்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவளைப் படகில் ஏற்றிவிட்டார்கள். துறைமுகச் சுவரைத் தாண்டியதிலிருந்தே குமட்டிக்கொண்டிருந்தது, திரும்பும் வழியில் வயிற்றைப் புரட்டியது. கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது ஒரே ஒரு வாளி. காலையிலிருந்து வலை இழுத்துச் சேர்த்த கடல்நீர் அதில்தான் இருந்தது. யோசிக்கவெல்லாம் நேரமில்லை, குனிந்துவிட்டாள்.

படகை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவளுடைய அக்காவின் கணவர். ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். எழுந்து வந்து வாளியைக் கவிழ்த்தார், அலசினார், பழைய இடத்திலேயே வைத்தார். குடிதண்ணீர்ப் புட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். கரையில் அதிகாரி, "வாளி ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டபோது, "என் கால் தட்டிடுச்சு சார். இது காலா உலக்கையான்னு எனக்கே சந்தேகம்" என்றார். அதிகாரி திட்டித் தீர்த்தார். இவர் தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொண்டார். அக்காவிடம்கூட அவர் அதைச் சொல்லவில்லை என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் இவளே வாய்விட்டுச் சொன்னபோது.

அலுவலகத்தில் அவருக்கு நத்தையார் என்று பெயர். நத்தை என்று சொன்னால் மரியாதை இல்லையே என்று யாரோ 'ஆர்' சேர்த்திருந்தார்கள். நடை மெது, பேச்சு மெது, சாப்பாடு அதைவிட மெது. "இவரை ஐஸ்கிரீம் வாங்க அனுப்பினா பால் வாங்கிட்டு வருவாரு" என்பாள் அக்கா. ஆனால் அந்த மெதுவுக்காகவே அவரை வேலைக்கு எடுத்திருந்தார்கள் என்பதும் அக்காவுக்குத் தெரியும்.

அந்த அலுவலகத்தின் வேலை கடல்நீரைச் சோதிப்பது. கடலில் விழும் பிளாஸ்டிக் பை, மூடி, கயிறு, புட்டி எல்லாம் வெயிலிலும் அலையிலும் உடைந்து உடைந்து கடுகைவிடச் சிறிதாகிவிடும். அந்தத் துகள் எவ்வளவு மிதக்கிறது என்று பார்க்க, அகல வாய் வைத்த ஒரு வலையைப் படகின் பக்கவாட்டில் கட்டி மேல்தண்ணீரில் இழுத்துக்கொண்டே போகவேண்டும். படகு வேகமாகப் போனால் வலையின் வாய்க்கு முன்னால் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். துகள் உள்ளே வராமல் ஓரமாக ஒதுங்கிப் போய்விடும். அதனால் ஒரே சீராக, தூங்கி வழிகிற மாதிரி ஓட்ட ஓர் ஆள் வேண்டும். கடவுள் அவரை அதற்கென்றே படைத்து அனுப்பினார் என்று அவள் நம்பினாள்.

அவருக்கு இன்னொரு குணமும் உண்டு. எங்கே எது உடைந்தாலும் "என் கைதான் பட்டுச்சு" என்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்தடித்துச் சன்னல் கண்ணாடி போனாலும் சரி, அலுவலகத்தில் யாரோ சாவியைத் தொலைத்தாலும் சரி. "உங்க தலையில இருக்கிற பழியை இறக்கி வைக்க ஒரு லாரி பிடிக்கணும்" என்று அக்கா சலித்துக்கொள்வாள். அவர் சிரிப்பார். திட்டு வாங்குவதில் தனக்கு வலி கிடையாது, அடுத்தவர்களுக்கு இருக்கிறது, அவ்வளவுதானே என்பது அவர் நியாயம்.

கொழுந்தியாளுக்குத் துகள் பொறுக்கும் வேலை. தரைத்தளத்தில் கடைசி அறை. ஒரு நீள மேசை, வெள்ளைத் தட்டு, இடுக்கி, மைக்ராஸ்கோப், சன்னலை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி. படகிலிருந்து வரும் அழுக்கை உப்பு நிறையக் கரைத்த தண்ணீரில் போட்டுக் கலக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் விடுவாள். பிளாஸ்டிக் மேலே மிதக்கும். மண்ணும் சகதியும் அடியில் தங்கும். மேலே இருப்பதை வழித்துத் தட்டில் ஊற்றி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பாள். அடியில் தங்கியதைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிடுவாள். அவளுக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த ஒரு வயதான அம்மா அப்படித்தான் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். கொழுந்தியாளின் கணவர் இறந்த பிறகு அவளையும் அவள் மகளையும் நிமிர்ந்து நிற்க வைத்தது அந்த மேசைதான். அவளை எல்லோரும் ஊசிக்கண் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடம் கோடையின் தொடக்கத்தில் கடல் பச்சையாகிவிட்டது. காற்று அடங்கி, வெயில் ஏறி, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பாசி கோடி கோடியாகப் பெருகிக் கிடந்தது. வலை மேலே வரும்போது சளி பூசிய மாதிரி வழவழவென்று வந்தது. தட்டில் துகள் குறைந்தது. அடுத்த வாரம் இன்னும் குறைந்தது. அதற்கடுத்த வாரம் அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை தேடினாள், மூன்றாம் முறை தேடினாள். அள்ளி அள்ளி வந்த இடத்தில் ஒன்றிரண்டுதான். அந்தக் கண்ணாடியே புதிதாக வந்ததுதான். மருத்துவர் போன மாதம், "பார்வை கொஞ்சம் இறங்கியிருக்கும்மா" என்று சொல்லியிருந்தார்.

அதிகாரி நல்ல செய்தியை எளிதில் நம்பாத மனிதர். எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஊர்ல ஒருத்தரும் பையை விட்டபாடில்லை. ஆத்து முகத்துவாரத்துல நேத்துகூட போய்ப் பார்த்தேன், குப்பை ஊர்வலம் போகுது. அப்புறம் கடல்ல மட்டும் எப்படி இல்லாம போகும்? ஒண்ணு வலை தப்பு. இல்லைன்னா கண் தப்பு. எதுன்னு தெரிஞ்சாகணும். தெரிஞ்சா ஆளை மாத்தணும்."

அவள் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. கண் போன ஊசிக்கண்ணுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

"வலைதான் சார்" என்றார் அத்தான்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் கொஞ்சம் வேகமா இழுத்துட்டேன். பாசி நாத்தம் தாங்கலை. சீக்கிரம் கரைக்கு வந்துடலாம்னு..."

பின்னாலிருந்து யாரோ, "நத்தையாரா? வேகமாவா?" என்று சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

"எத்தனை நாளா?"

"பச்சை வந்ததிலிருந்தே சார்."

"அப்போ இந்தப் பருவத்துக் கணக்கு மொத்தமும் குப்பை. அடிச்சுடுங்க. திங்கட்கிழமையிலிருந்து படகுக்கு வேற ஆள். நீங்க கிடங்கைப் பார்த்துக்கோங்க."

வெளியே படகுத்துறையில் அவள் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அத்தான் இப்படிப் பண்ணினீங்க?"

"கிடங்குல மின்விசிறி இருக்கு. கடல்ல இருக்கா?"

"விளையாடாதீங்க. நீங்க வேகமா ஓட்டினீங்கன்னு சொன்னா அந்தப் படகே நம்பாது."

"படகு நம்ப வேண்டாம். அதிகாரி நம்பிட்டாரு, போதும்." கயிற்றை நிதானமாகச் சுற்றிக்கொண்டே பேசினார். "எனக்கு ஓய்வு பெற இன்னும் எத்தனை நாளு? உன் பொண்ணு இன்னும் படிச்சு முடிக்கணும். போ, போய் வேலையைப் பாரு. உங்க அக்காகிட்ட மட்டும் நான் சொல்றேன், நீ சொல்லாத. நீ சொன்னா அவ முதல்ல உன்னைத் திட்டுவா, அப்புறம் என்னைத் திட்டுவா. நான் சொன்னா ஒரு திட்டோட முடியும்."

"அப்போ என் கண்ணு கெட்டுப்போச்சுன்னு நீங்களே நினைக்கிறீங்க."

அவர் கை ஒரு கணம் நின்றது. "நினைக்கலை" என்றார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அன்று படுக்கும் முன் அவள் வெகுநேரம் ஜெபித்தாள். கண்ணைக் கொடு, இல்லாவிட்டால் உண்மையைக் கொடு, இரண்டும் இல்லாமல் என்னை விட்டுவிடாதே என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை, அத்தான் கடைசியாக இழுத்து வந்த வலைத்தண்ணீர் மேசைக்கு வந்தது. வழக்கம்போல் உப்புத் தண்ணீரில் கலக்கினாள். வழித்தாள். தட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பெருமூச்சு விட்டு, அடியில் தங்கிய பச்சைச் சகதியைத் தொட்டியில் சாய்த்தாள். வெள்ளைப் பீங்கானில் அது நாக்கு நீட்டினாற்போல் வழிந்து இறங்கியபோது, அதற்குள் ஊசி முனை அளவுக்கு நீலம் தெரிந்தது.

அப்படி ஒரு நீலம் பாசியில் கிடையாது. கையால் தடுத்து நிறுத்தினாள். இடுக்கியால் எடுத்து லென்சுக்குக் கீழே வைத்தாள். ஒரு நீலத் துகள், மேலே பச்சைத் தோல் போர்த்திக்கொண்டு, தோலில் மண்பொடி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை உப்புத் தண்ணீரில் போட்டாள். மூழ்கியது. வெளியே எடுத்து மெல்லிய தூரிகையால் தோலைத் தேய்த்துக் கழற்றிவிட்டு மறுபடி போட்டாள். மிதந்தது.

சகதியை முழுக்கத் தட்டில் ஊற்றித் தேடினாள். சிவப்பு, வெள்ளை, கயிற்று நார், பை கிழிசல். எல்லாம் பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தன.

ஆண்டவரே, கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று நெஞ்சு ஒரு நொடி குளிர்ந்தது. அடுத்த நொடியே பார்வை தொட்டியின் ஓட்டைக்குப் போனது. இந்தப் பருவம் முழுக்க எத்தனை தரம் இதே தொட்டியில் சாய்த்துக் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள்! வலை பிடித்துக்கொண்டு வந்ததையெல்லாம் மறுபடி சாக்கடைக்கு அனுப்பியது அவள் கை. பழியைச் சுமந்துகொண்டு கிடங்குக்குப் போகிறவர் அத்தான்.

அவள் பேசாமல் இருந்துவிடலாம். அதுவும் அவளுக்குத் தோன்றியது, தோன்றாமல் என்ன? திங்கட்கிழமையிலிருந்து சகதியையும் கழுவிப் பார்த்தால் போதும். எண்ணிக்கை ஏறும். புதுப் படகோட்டிக்குப் பாராட்டு கிடைக்கும். பார்த்தீர்களா, படகுதான் தப்பு என்று அதிகாரி சொல்லுவார். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அத்தானும் சிரித்துக்கொண்டே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்.

பச்சைத் தோலோடு மூழ்கிய துகளை ஒரு கண்ணாடிக் குவளையிலும், தோல் உரித்து மிதந்ததை இன்னொன்றிலும் உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

அதிகாரி அறையில் டாக்டரம்மாவும் இருந்தாள். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. கடலைப் படித்துப் பட்டம் வாங்கிய பெண். சேர்ந்த புதிதில் அலுவலகமே அவளிடம் முட்டிவலிக்கு மாத்திரை கேட்டது. முகம் சுளிக்காமல், "கடலுக்கு முட்டி இல்லைங்க" என்று பதில் சொன்னவள்.

குவளைகளை மேசைமேல் வைத்து, நடந்ததைக் கொழுந்தியாள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள்.

"அப்போ கொட்டினது நீங்க" என்றார் அதிகாரி.

"ஆமா சார். நான்தான்."

"பருவம் முழுக்க?"

"பருவம் முழுக்க."

"அப்போ அவரு வேகமா ஓட்டினேன்னாரே?"

"சார், அவர் கல்யாணத்தன்னிக்கே மாப்பிள்ளை நடந்து வந்து சேர்றதுக்குள்ள எங்க வீட்டுல பாதிப் பேர் சாப்பிட்டு முடிச்சுட்டாங்க. அவராவது வேகமா ஓட்டுறதாவது!"

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, இருமுவதுபோல் சிரித்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, "சிரிக்கிற விஷயமில்லை இது. நீங்க கொட்டினது பெரிய தப்பு" என்றார்.

"தெரியும் சார். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

டாக்டரம்மா குவளையைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இது உங்க குவளையில மூழ்குதுன்னா, கடல்ல மூழ்காதா? கடல் தண்ணியில இவ்வளவு உப்புகூடக் கிடையாதே."

மற்ற இருவரும் டாக்டரம்மாவைப் பார்த்தார்கள்.

"பாசிக்கு உட்கார ஓர் இடம் வேணும். துகள் அதுக்கு நாற்காலி மாதிரி. உட்கார்ந்ததும் பிசின் விடும். பிசின்ல இன்னொரு பாசி ஒட்டும், மண்ணு ஒட்டும், பக்கத்துத் துகளும் ஒட்டும். கனம் கூடக் கூடக் கீழே இறங்கிடும். புத்தகத்துல படிச்சிருக்கேன். நம்ம கடல்ல யாரும் பார்த்ததில்லை. மேல்தண்ணியில மட்டுமே வலை போடுறோம், எப்படிப் பார்ப்போம்?" அதிகாரி பக்கம் திரும்பினாள். "சார், கணக்கு ரெண்டு விதத்துல குறைஞ்சிருக்கு. கொஞ்சம் தொட்டியில போச்சு. மிச்சம் வலைக்கே வரலை, அடியில போயிடுச்சு. அந்தக் கணக்கை அடிக்காதீங்க."

"புத்தகத்தை விடும்மா. கடல்ல காட்டு" என்றார் அதிகாரி.

ஒரு பம்பும் நீளமான குழாயும் கட்டினார்கள். குழாயின் நுனியில் இரும்புக் கட்டி தொங்கவிட்டு ஆழத்துக்கு இறக்கி, அங்கிருந்து தண்ணீரை உறிஞ்சிச் சல்லடையில் விடவேண்டும். அதற்குப் படகு அசையாமல் ஒரே இடத்தில் நிற்கவேண்டும். நிற்கவைக்க யார் என்று அதிகாரி கேட்கவே இல்லை. கிடங்கு வாசலில் போய் நின்று, "வாங்க" என்றார். அவ்வளவுதான்.

படகில் ஏறியதும் அத்தான் கொழுந்தியாளை முறைத்தார்.

"வாழ்க்கையில ஒரே ஒரு தடவை வேகமா ஓட்டினவன்னு பேரு வாங்கினேன். அதையும் பிடுங்கிட்ட."

"உங்களுக்கு ஒட்டாத பேரு, விழுந்துடுச்சு."

"உன்னை வெளியே அனுப்பிட்டா என்ன பண்ணியிருப்ப?"

"அனுப்பியிருந்தா போயிருப்பேன் அத்தான். உங்க முதுகுல ஏறிக்கிட்டு அந்த மேசையில உட்கார முடியலை."

அவர் இயந்திரத்தை இருமுகிற அளவுக்குக் குறைத்து, நீரோட்டத்துக்கு எதிராகப் படகை ஆணியடித்த மாதிரி நிறுத்தினார். அதிகாரி கைப்பிடியைப் பற்றியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேல்தண்ணீரில் எடுத்தபோது சல்லடையில் பாசிதான் இருந்தது, துகள் ஒன்றிரண்டு. குழாயைக் கொஞ்சம் இறக்கினார்கள், கூடியது. வெளிச்சம் மங்கும் ஆழத்துக்கு இறக்கி உறிஞ்சியபோது, பழுப்பும் பச்சையுமாக நூல் நூலாக வந்து விழுந்தது. அவள் குனிந்து இடுக்கியால் பிரித்தாள். நீலம், சிவப்பு, வெள்ளை.

"இருக்கு" என்றாள். குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "நிறைய இருக்கு சார். இங்கதான் இருக்கு."

இன்னும் ஆழத்தில் எடுத்தவற்றில் சில துகள்களின் பச்சைத் தோல் கிழிந்து மெலிந்து போயிருந்தது. டாக்டரம்மா அவற்றைத் தனியாக ஒதுக்கினாள். "இருட்டுல பாசி பிழைக்காது. செத்து உதிரும், மத்த உயிரும் தின்னும். தோல் போனா துகள் லேசாகும். திரும்ப மேலே ஏறும். மேலே போனா வெயில், மறுபடியும் பாசி. இதுங்க இப்படி லிஃப்ட்ல போறமாதிரி ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும்னு நினைக்கிறேன். கனமானது சேத்துல போய்த் தங்கிடும்."

"எவ்வளவு வேகமாப் போகும்?" என்று கேட்டார் அத்தான்.

"ரொம்ப மெதுவா அண்ணே."

"அப்போ நம்ம ஜாதிதான்" என்றார். அதிகாரியே இந்தமுறை வாய்விட்டுச் சிரித்தார்.

பருவம் முடிந்து கடல் தெளிந்ததும் மேல்வலையில் துகள் பழையபடி நிறைய வர ஆரம்பித்தது. டாக்டரம்மா சொன்னது பலித்தது. கணக்கை அடிக்கவில்லை; கோடையில் எது மேலே, எது கீழே என்று அதைவைத்தே அவள் விளக்கம் எழுதினாள். வலையோடு பம்பும் சேர்ந்து கடலுக்குப் போவது அன்றிலிருந்து வழக்கமாயிற்று. அடிச்சகதியைக் கழுவிப் பாசித் தோலை நீக்கிப் பார்க்காமல் கொட்டக்கூடாது என்று தொட்டிக்கு மேலே எழுதி ஒட்டினார்கள். எழுதி ஒட்டியவள் ஊசிக்கண்தான். அதிகாரி அவளுக்கு ஓர் எச்சரிக்கை கொடுத்தார், மேசையையும் விட்டுவைத்தார். அத்தான் படகுக்குத் திரும்பினார்.

அந்த நாட்களில் ஒருமுறை, படகைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"நான் பழியை வாங்கிக்கிட்டா உன் தலைவலி போகும்னு நினைச்சேன். நீ மட்டும் வாயைத் திறக்காம இருந்திருந்தா, அந்தத் துகளெல்லாம் கீழே இருக்கிறது கடைசிவரைக்கும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எல்லாரும் என்னைப் பார்த்துக்கிட்டே இருந்திருப்பாங்க."

"இனிமேலாவது என் தப்பை என்கிட்டயே விட்டுடுங்க."

"விடுறேன். பழக்கமாயிடுச்சு, கொஞ்சம் கஷ்டம். ஆனா விடுறேன்."

அதன்பிறகும் அலுவலகத்துச் சுவர்க்கடிகாரம் விழுந்து உடைந்தபோது, அந்த அறையிலேயே இல்லாதவர், "என் கைதான்" என்று ஓடிவந்தார் என்பது வேறு கதை.

அத்தான் ஓய்வு பெற்ற வருடம் அவர் மகன் வந்து கூப்பிட்டான். அவன் வேலை பார்க்கும் ஊரில் கடலே கிடையாது. அக்கா பெட்டிகளைக் கட்டினாள். வீட்டை ஒப்படைத்துவிட்டு, பேருந்து நிலையத்தில் வந்து நின்றார்கள். கொழுந்தியாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வழியனுப்ப வந்திருந்தாள். அக்கா ஏறி சன்னலோர இருக்கையைப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்களேன், வண்டி உங்களுக்காகப் படகு மாதிரி நிக்காது" என்று உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடமே, தூக்கத்தில், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் அவரைக் கடவுள் அழைத்துக்கொண்டார். போனில் எத்தனையோ முறை பேசினார்கள் என்றாலும், நேரில் பார்த்தது அந்தப் பேருந்துப் படியில்தான் கடைசி. அன்று அவர் ஒரு காலைப் படியில் வைத்து, மறுகாலை வைக்க மறந்தவர்போல் நின்று, அவளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"கொழுந்தியா, ஆபீஸ்ல எது உடைஞ்சாலும், எது தொலைஞ்சாலும் என் பேரைச் சொல்லிக்கோ. ஊர்ல இல்லாதவனை யார் என்ன பண்ணிட முடியும்? கடல் கணக்குல மட்டும் சொல்லாத. அதுல யார் பண்ணினாங்களோ, அவங்க பேரையே சொல்லு."